காட்சி உபகுழுவும் பாடல் உபகுழுவும்

யுத்தம் முடிந்து ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகியிருந்தபோது, கல்முனையில் இயங்கிவந்த கிழக்குக் கரையோர இளைஞர் கலாசார எழுச்சி மன்றத்துக்கு யப்பானியக் கார்ட்டூன்மேல் திடீரென்று பற்று வந்தது. சுனாமி முடிந்த கையோடு பிறந்த மன்றம் அது. பிறந்த நாளிலிருந்து பட்டம் விடுதல், பானைக்கு வர்ணம் பூசுதல், வட்டமாக நின்று சிரித்துப் பழகுதல் ஆகிய மூன்று துறைகளில் அது இளைஞரை எழுச்சி பெறச் செய்திருந்தது. இந்த முறை உதவி செய்யும் நாடு யப்பான் என்று தெரியவந்ததும், அந்த நாட்டு இளைஞர் என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். அனிமே என்று சொல்லப்படும் கார்ட்டூன் படங்களை ரசிகர்கள் வெட்டி எடுத்து, தங்களுக்குப் பிடித்த பாட்டுக்குப் பொருத்தி, மாநாடு கூட்டித் திரையிட்டுப் பரிசு வாங்குவதாக யாரோ சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கு முன் கரையோரம் எங்கும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. முதலாவது பிராந்திய அனிமே இசைக் காணொளி மாநாடும் போட்டியும். நோட்டீசில் எட்டுப் பேரின் படம் இருந்தது. எட்டுப் பேரும் மன்றத்தின் நிர்வாகிகள். கார்ட்டூன் எதுவும் இருக்கவில்லை.

அந்த நோட்டீசை நிந்தவூர் பஸ் தரிப்பிடத்தில் நின்று மூன்று தரம் வாசித்தவள் ஹுஸ்னியா. அவளுக்கு இருபத்துமூன்று வயது. மாமாவின் ஸ்டூடியோவில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது வேலை. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும் இடத்தில் புறா பறக்க வேண்டும், மணமகள் நிமிரும் இடத்தில் பூ கொட்ட வேண்டும் என்பது அவளிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே ஆசை. நான்கு வருடமாகப் புறா பறக்கவிட்டு அவளுக்குக் கை சலித்திருந்தது.

உடனே அவள் விநாயகபுரத்திலிருந்த கேசினிக்குப் போன் எடுத்தாள். இருவரும் அக்கரைப்பற்றில் நடந்த ஒரு கணினி வகுப்பில் அறிமுகமானவர்கள். பதினான்கு பிள்ளைகளுக்கு ஏழு கணினி இருந்தபடியால், மன்னிப்புக் கேட்காமலே ஒருவரின் விரல்மேல் ஒருவர் விரல் வைத்துப் பழகியவர்கள். அந்தக் கணினியில் யாரோ விட்டுப்போன ஒரு யப்பானியக் கார்ட்டூன் இருந்தது. பாஷை விளங்காது. ஊர் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். ஒரு சிறுமி தனியாகத் தோணி வலித்துப் போய், கூரை கூரையாகத் தட்டி யாரையோ தேடுவாள். யாரைத் தேடுகிறாள் என்று படத்தில் சொன்னார்களோ என்னவோ, இவர்கள் இருவருக்கும் தெரியாது. கேசினிக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவளுடைய தங்கச்சி உசாந்தினியைக் கடல் எடுத்தபோது அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது.

வகுப்பு முடிந்த பிறகும் இருவரும் அந்தப் படத்தை விடவில்லை. கேசினியின் அப்பா கரைவலைக்காரர். வலை இழுக்கும்போது ஆட்கள் மூச்சுப்பிடித்துச் சேர்ந்து பாடும் அம்பாப் பாட்டில் அவர்தான் முதல் குரல். அதை அவருக்குத் தெரியாமல் கேசினி போனில் பதிந்தெடுத்தாள். கயிறு ஒரு முறை இழுபடும்போது பாட்டில் ஒரு அழுத்தம் விழும். அந்த அழுத்தத்தில் சிறுமியின் துடுப்பு தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது ஹுஸ்னியாவின் எண்ணம். நோட்டீஸ் கண்டதிலிருந்து பதினொரு கிழமையாகப் பின்னேரங்களில் உட்கார்ந்து அதைச் செய்தாள். ஒரு துடுப்பு கால் செக்கன் பிந்தினாலும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். முடிந்தபோது மூன்று நிமிடமும் நாற்பது செக்கனும் வந்தது. கடைசியில் கறுப்புத் திரையில் நான்கு செக்கன், உசாந்தினி என்ற பெயர் மட்டும். அதைக் கேசினி கேட்டிருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மன்றத்தின் செயலாளர் முனாப். நாற்பது வயதிருக்கும், பேனையைச் சட்டைப்பையில் அல்ல, காதில் வைத்திருப்பார். விண்ணப்பப் படிவத்தில் இனம் என்ற இடத்தில் ஒரு பெட்டிதான் இருந்தது. நாங்கள் ரெண்டு பேர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் தமிழ், என்ன எழுதுவது என்று ஹுஸ்னியா கேட்டாள். முனாப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது இன நல்லிணக்கத்துக்கான போட்டி என்றபடியால் ஒவ்வோர் இனமும் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று விளக்கினார். ஒரே வீடியோவை இரண்டு சீடியில் போட்டு, இரண்டு படிவம் நிரப்பினார்கள். இலக்கம் மூன்று ஹுஸ்னியா. இலக்கம் நான்கு கேசினி.

அடுத்ததாக, நடிகர்களின் சம்மதக் கடிதம் கேட்கப்பட்டது. படத்தில் வருகிற பிள்ளை பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் என்பது பார்த்தாலே தெரிகிறது, பெற்றோர் ஒப்பமிட வேண்டும் என்றார் முனாப். அது கீறிய பிள்ளை, உயிருள்ள பிள்ளை இல்லை என்று ஹுஸ்னியா சொன்னாள். பெற்றோர் இல்லையென்றால் பாதுகாவலர் ஒப்பமிடலாம், விதியில் இடமிருக்கிறது என்று அவர் ஆறுதல் சொன்னார். அவள் யோசித்துப்பார்த்து, தோணிச் சிறுமியின் பாதுகாவலராகத் தன் பெயரை எழுதினாள். உறவுமுறை என்ற இடத்தில், மூத்த சகோதரி என்ற பொருளில், ராத்தா என்று போட்டாள். கிராம சேவகர் அதை உறுதிப்படுத்தி முத்திரை குத்தினார். அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

வந்து சேர்ந்த ஏழு வீடியோக்களையும் முன்கூட்டியே பரிசீலிக்கத் தேர்வுக் குழு கூடியது. தலைவர் அப்துல் ஸமட், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. உப தலைவர் அருளம்பலம், வெண்பா எழுதுகிறவர். பெயருக்கு முன்னால் நான்கு பட்டம் போடுவார், ஐந்தாவது அச்சில் இருந்தது. வேலை இலகுவாக இருக்கட்டும் என்று குழுவை இரண்டாகப் பிரித்தார்கள். அருளம்பலம் தலைமையில் காட்சி உபகுழு, ஸமட் தலைமையில் பாடல் உபகுழு. காட்சி உபகுழு திங்கட்கிழமை கூடி, சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தது. பாடல் உபகுழு வியாழக்கிழமை கூடி, திரையைத் துணியால் மூடிவிட்டுப் பாட்டைக் கேட்டது. ஒன்றின் முடிவு மற்றதைப் பாதிக்கக்கூடாது என்பதில் இரண்டு உபகுழுவும் கவனமாக இருந்தன.

இரண்டு வாரத்தில் அறிக்கைகள் வந்தன. சிறுமி காரணம் ஏதுமின்றித் துடுப்பு வலிப்பதாகவும், காட்சிகள் ஒழுங்கில்லாமல் மாறுவதாகவும் காட்சி உபகுழு கண்டிருந்தது. பாட்டில் ஆட்கள் எதையோ இழுக்கிறார்கள், என்ன இழுக்கிறார்கள் என்பது தெளிவாக இல்லை என்று பாடல் உபகுழு கண்டிருந்தது.

திருத்தங்களைப் பெற்றுக்கொள்ள இருவரும் மன்றத்துக்கு அழைக்கப்பட்டார்கள். கேசினி திருக்கோவிலுக்குப் பக்கத்து விநாயகபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஸமட், அருளம்பலம், குறிப்பெடுக்க முனாப்.

முதலில் தண்ணீர். சுனாமியால் பாதிக்கப்பட்ட பிரதேசத்தில் தண்ணீரைக் காட்டுவது மனதைப் புண்படுத்தும் என்று மன்றத்துக்கு ஒரு சுற்றுநிருபம் இருந்தது. ஆகவே தண்ணீரை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் தோணி தரையில் நிற்கும் என்று ஹுஸ்னியா சொன்னபோது, அப்படியென்றால் தோணியையும் எடுத்துவிடுங்கள் என்றார் அருளம்பலம். சிறுமியின் தலைமுடி பச்சையாக இருந்தது. தேர்தல் வரலாம், பச்சை ஒரு கட்சியின் நிறம். நீலமாக்கலாம் என்றால் அதுவும் ஒரு கட்சியின் நிறம். படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கத் தீர்மானமாயிற்று.

பிறகு சிறுமியின் தோற்றம். அவள் தலையில் முக்காடு இருந்தால் நல்லது என்று ஸமட் அபிப்பிராயப்பட்டார். முக்காடு போடுவதென்றால் நெற்றியில் பொட்டும் இருக்க வேண்டும் என்று அருளம்பலம் அபிப்பிராயப்பட்டார். அரை மணித்தியாலம் இருவரும் மிக மரியாதையாக ஒருவரையொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் முனாப் ஒரு யோசனை சொன்னார். சிறுமியின் தலையை மங்கலாக மழுப்பிவிட்டால் இரண்டு சமூகத்துக்கும் அநியாயம் இல்லை. இருவரும் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். அதைப் படமெடுத்தார்கள். யப்பானுக்கு அனுப்பிய அறிக்கையின் அட்டையில் அந்தப் படம்தான் வந்தது, நல்லிணக்கம் என்ற தலைப்போடு.

கடைசியாகப் பெயர்.

“முடிவில ஒரு பேர் வருதே, அது ஆரு?” என்று கேட்டார் ஸமட்.

“என்ட தங்கச்சி, சேர்” என்றாள் கேசினி.

“அந்தப் புள்ள இந்தப் படத்தில வேலை செஞ்சதா?”

“இல்ல, சேர். அவ சுனாமியில போயிற்றா.”

ஸமட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்கு மிகவும் கவலை என்றார். ஆனால் வீடியோவின் கடைசி இடம் நன்றி நவிலலுக்கு என்று விதியில் இருக்கிறது, அந்த இடத்தில் பிரதம அதிதி, விசேட அதிதி, கௌரவ அதிதி, நடுவர்கள் ஆகியோரின் பெயர் வர வேண்டும், இடம் போதாது என்று விளக்கினார். நான்கு செக்கன்தானே என்று ஹுஸ்னியா கேட்டாள். ஒருவருக்கு நான்கு செக்கன் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார் அவர்.

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது, இதிலிருந்து விலகிவிடுவோம் என்று ஹுஸ்னியா சொன்னாள். வேண்டாம் என்றாள் கேசினி. அப்பாவுக்குச் சொல்லிவிட்டாளாம். கல்முனையில் பெரிய மண்டபத்தில் தன் குரல் கேட்கப்போகிறது என்று அவர் புதுச் சேட்டு தைக்கக் கொடுத்துவிட்டாராம். “பேர் இல்லாட்டியும் பாட்டு இரிக்கும்தானே” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹுஸ்னியா எல்லாத் திருத்தமும் செய்தாள். தண்ணீர் போயிற்று, தோணி போயிற்று, நிறம் போயிற்று, தலை போயிற்று. தலை மழுங்கிய ஒரு சிறுமி வெறும் சாம்பல் வெளியில் உட்கார்ந்து கையை முன்னும் பின்னும் ஆட்டினாள். நீளம் ஒன்றரை நிமிடமாகக் குறைந்தது. முன்னால் மன்றத்தின் சின்னமும் தலைவரின் படமும் பதினைந்து செக்கன் வர வேண்டும் என்று விதி, அதையும் போட்டாள். இதற்குப் புறா பறக்கவிடுவது மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

மாநாடு ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தது, பத்தரைக்குத் தொடங்கியது. மன்றத்தின் கணினி புரொஜெக்டரோடு ஒத்துவராதபடியால், ஹுஸ்னியாவின் மடிக்கணினியைப் பூட்டி, அவளையே பக்கத்தில் இருத்தினார்கள். மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் மன்றத்தின் பழைய பயனாளிகள்; முன்னர் பானைக்கு வர்ணம் பூசியவர்கள். மதியச் சாப்பாட்டுப் பார்சல் உண்டு என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள். நான்காவது வரிசையில் கேசினியின் அப்பா, தையல் மடிப்புக் கலையாத சேட்டோடு இருந்தார்.

பிரதம அதிதியான யப்பானிய அம்மையார் கொழும்பில் சுகவீனமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. அவருக்கென்று வாங்கிய மாலையை அவருடைய நாற்காலிக்குப் போட்டார்கள். பொன்னாடையையும் நாற்காலிக்கே போர்த்தினார்கள். அதற்குப் பின் பேச வந்த ஒவ்வொருவரும் அந்த நாற்காலியை விளித்துத்தான் தொடங்கினார்கள்.

பதினொரு பேச்சு நடந்தது. ஸமட் பேசும்போது மணி பன்னிரண்டரை. தன் வாழ்நாளில் தான் ஒரு கார்ட்டூனும் பார்த்ததில்லை என்றும், ஆகையினால்தான் பக்கச்சார்பு இல்லாமல் தீர்ப்பு வழங்க முடிந்தது என்றும் சொன்னார். கைதட்டினார்கள். நேரம் போதாமையால் ஏழு வீடியோக்களிலும் முதல் பதினைந்து செக்கன் மட்டும் திரையிடப்படும் என்று அறிவித்தார். ஹுஸ்னியா ஒவ்வொன்றாகப் போட்டாள். சபை ஏழு தரம் தலைவரின் படத்தைப் பார்த்தது. ஏழாவது தரம் பின்வரிசையில் யாரோ சலாம் சொன்னார்கள்.

பரிசு அறிவிப்பு அருளம்பலத்தினுடையது. முதலாம் இடம் இலக்கம் மூன்று, எண்பத்தொரு புள்ளி. இரண்டாம் இடம் இலக்கம் நான்கு, அறுபத்தேழு புள்ளி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இளைஞர்கள் அறிந்துகொள்வது பயன்தரும் என்று அவர் ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“முதலாம் படைப்பிலே தோணி இல்லை. அந்த இல்லாமை நம்மை உலுக்குகிறது. இரண்டாம் படைப்பிலும் தோணி இல்லை. ஆனால் அது வெறுமனே இல்லை. முதலாம் படைப்பின் அம்பாப் பாட்டிலே உப்புக்காற்று வீசுகிறது. இரண்டாம் படைப்பின் பாடகர் கடலையே கண்டிராதவர் என்பது குரலிலேயே தெரிகிறது.”

நான்காவது வரிசையில் கேசினியின் அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருடம் கயிறு இழுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, தன்னைத்தானா சொல்கிறார்கள் என்று மெல்லக் கேட்டார். கேசினி எழுந்து நேரே மேடைக்குப் போனாள். கேடயத்தை வாங்கவில்லை. இரண்டும் ஒரே வீடியோ, ஒரே பாட்டு, பாடினது என் அப்பா என்று சபைக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

மேடையில் சற்றுநேரம் முணுமுணுத்துக் கதைத்தார்கள். ஸமட் முன்னுக்கு வந்தார். அவருக்குக் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

“மகள், நிதானமா யோசிங்க. ஒரே படம் எண்டா ஒரே புள்ளி வந்திருக்கும். புள்ளி வேற வேறயா வந்திருக்கு. அப்ப படமும் வேறதான்.”

இதற்கும் கைதட்டினார்கள். இரண்டு கேடயங்களிலும் பெயர் முதலே பொறிக்கப்பட்டிருந்தபடியால் மாற்றவும் வழி இருக்கவில்லை. கேசினியின் கையில் இரண்டாம் இடத்தைத் திணித்துப் படமெடுத்துவிட்டு, அதிதிகள் எல்லோரும் பின்மண்டபத்துக்குச் சாப்பிடப் போனார்கள். சபைக்குரிய பார்சல் இன்னும் வரவில்லை. வேன் பாண்டிருப்பில் நிற்கிறதாம் என்றார்கள். இருநூறு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

ஹுஸ்னியா மடிக்கணினியை மூடப்போனாள். மூடவில்லை. வெட்டாத பழைய வீடியோவைத் தேடி எடுத்து, யாரிடமும் கேட்காமல் போட்டாள்.

பச்சைத் தலையோடு சிறுமி தண்ணீரில் தோணி வலித்து வந்தாள். அம்பா எழுந்தது. ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு துடுப்பு இறங்கிற்று. விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்தினார்கள். இரண்டாவது அடியிலேயே பின்வரிசைகளிலிருந்து சில ஆண்குரல்கள், பழக்கத்தில், பாட்டுக்குப் பதில் கொடுக்கத் தொடங்கின. கேசினியின் அப்பா பாடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு, மடியில் கிடந்த கையை மட்டும் மூடித் திறந்தார். கூரை கூரையாகத் தட்டி முடிந்ததும் திரை கறுத்து, உசாந்தினி என்ற பெயர் வந்து நின்றது. அவர் எழுந்து நின்றார். நான்கு செக்கன் முடிந்த பிறகும் நின்றார்.

அப்போதுதான் கதவடியில் முனாப் நிற்பதை ஹுஸ்னியா கண்டாள். புரொஜெக்டரை நிறுத்தச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அப்படித்தான் அனுப்பியும் இருந்தார்கள். அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். காதில் பேனை இருந்தது.

“புள்ள, இதில இன்னொரு பேர் போட ஏலுமா?”

அவள் அவரைப் பார்த்தாள். உபகுழுவின் குறிப்புப் புத்தகத்தில், பெயர் நீக்கப்பட வேண்டும் என்று எழுதிய கை அது.

“ஆரிட பேர்?”

“றுகையா. என்ட மகள். ரெண்டரை வயசு.”

அவள் பாதுகாவலர் கடிதம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தாள். அவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. உசாந்தினிக்குக் கீழே றுகையா என்று அடித்தாள். திரையில் அது பெரிதாக விழுந்தது. முனாப் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு அதைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து தன் புருசனின் பெயரைச் சொன்னாள். மருதமுனையிலிருந்து வந்த ஒருவர் ஐந்து பெயர் சொன்னார்; ஐந்தும் ஒரே வீடு. ஒரு கிழவர் பெயரைச் சொல்லிவிட்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார். வரிசை நடைவழியால் கதவுவரை நீண்டது. பார்சல் வேன் வந்து ஹோன் அடித்தது. ஒருவரும் போகவில்லை. கேசினி பக்கத்தில் வந்து இருந்துகொண்டாள். ஒருத்தி கேட்டுச் சொல்ல மற்றவள் அடித்தாள், பழைய வகுப்பில் போல.

சத்தம் இல்லாதிருப்பதைக் கவனித்து, ஸமட்டும் அருளம்பலமும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். சபை முழுவதும் எழுந்து நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஸமட்டின் முகம் மலர்ந்தது. நன்றி நவிலலை இவ்வளவு மரியாதையாகப் பார்க்கிற சபையை அவர் இதற்கு முன் கண்டதில்லை. முன்வரிசையில், மாலை போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். முப்பது பெயர் போயிற்று. நாற்பது போயிற்று. அவர் பொறுமையாகத்தான் இருந்தார். பிறகு முனாப்பைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“என்ட பேர் எப்ப வரும்?”

முனாப் காதிலிருந்த பேனையை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது சுனாமியில மௌத்தான ஆக்கள்ட பேர், சேர்.”

ஸமட் திரையைப் பார்த்தார். அருளம்பலமும் பார்த்தார். ஸமட் ஓர் அதிகாரி. முப்பத்தாறு வருடம் அதிகாரியாக இருந்தவர். அவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“ஓம், சரி. ஆனா அகர வரிசையில போட்டிருக்கலாம்” என்றார்.

ஹுஸ்னியாவுக்கு அது கேட்டது. அவள் திரும்பவில்லை. வரிசையில் அடுத்து நின்ற பெண்ணிடம் பெயரைச் சொல்லச் சொன்னாள்.